ராஜா கேட்ட கப்பலும் ராணுவம் கேட்ட விமானமும்

ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் யாரையாவது நடுராத்திரியில் தட்டி எழுப்பி, ‘யூசர் ஸ்டோரி எப்படி எழுதுவாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். கண்ணைக்கூடத் திறக்காமல் ஒப்பிப்பார்: ‘நான் இன்னார். எனக்கு இன்னது வேண்டும். இன்ன காரணத்துக்காக வேண்டும்.’ சொந்தக் கல்யாண நாளை மறந்துவிட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்பவர்கள்கூட இந்த மூன்று வரியை மறப்பதில்லை.

யாரோ ஒரு ஞானி மலையுச்சியில் தவமிருந்து வாங்கிவந்த வரம் இது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். 2001 வாக்கில் லண்டனில் கனெக்ஸ்ட்ரா என்று ஒரு சின்ன ஸ்டார்ட்-அப் இருந்தது. சேல்ஸ்காரர்களும் மார்க்கெட்டிங்காரர்களும் வந்து, வேண்டியதை ஒரு அட்டையில் கிறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். கொஞ்ச நாள் கழித்து புரோகிராமர் அட்டையைக் கையில் எடுத்தால், கேட்டது யார், எதற்குக் கேட்டார் என்று ஒன்றும் புரியாது. அதனால் அந்த இரண்டையும் அட்டையிலேயே எழுதும்படி ஆக்கினார்கள். நாம் மகா தத்துவம் என்று கும்பிடுவது, ‘கேட்டவன் பேரை எழுதிட்டுப் போப்பா’ என்கிற நியாயமான எரிச்சலை!

சரி, அந்த மூன்று வரி டெம்ப்ளேட்தான் 2001-ல் வந்தது. யூசர் ஸ்டோரியே அப்போதுதான் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ராஜாக்களும் மந்திரிகளும் தளபதிகளும் பல நூற்றாண்டுகளாக அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். தங்கள் ஆசையைப் பிரமாதமாக எழுதுவார்கள். ‘முடிந்துவிட்டது என்று எதைப் பார்த்து ஒப்புக்கொள்வது?’ என்ற கேள்வி, அதாவது அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா, வந்ததும் பேனாவை மூடிவிடுவார்கள். இந்த விஷயத்தில் இன்றைய புராடக்ட் ஓனர்கள் சுத்தமான ராஜ பரம்பரை.

மூன்று பழைய கேஸ் சொல்கிறேன். ஒன்றில் டெஸ்டில் தோற்ற சரக்கை ஏற்றுக்கொண்டார்கள். இன்னொன்றில் ஜெயித்த சரக்கை நிராகரித்தார்கள். மூன்றாவதில் டெஸ்டை முன்கூட்டியே எழுதி, அதன்படி சோதித்து, சொன்ன பணத்துக்கு மேலே போனஸும் கொடுத்தார்கள். அந்த மூன்றாவது அதிசயம் நடந்தது ஒரு அரசாங்க அலுவலகத்தில்!

*

முதல் கேஸ், ஸ்வீடன் ராஜா இரண்டாம் குஸ்தாவ் அடோல்ஃப். ‘வடக்கின் சிங்கம்’ என்று பட்டப்பெயர். 1620-களில் போலந்தோடு தீராத சண்டை. அவருடைய யூசர் ஸ்டோரியை நம் பாஷையில் சொன்னால் இப்படி இருக்கும்: ‘நான் ஸ்வீடன் ராஜா. எனக்குப் பிரம்மாண்டமான ஒரு போர்க்கப்பல் வேண்டும். பார்த்த மாத்திரத்தில் போலந்துக்காரனுக்குக் குலை நடுங்க வேண்டும்.’ யார், என்ன, எதற்கு எல்லாம் கச்சிதம், டெம்ப்ளேட்படி நூற்றுக்கு நூறு. ஒரே ஒரு வரிதான் விட்டுப்போயிற்று. கப்பல் மிதக்க வேண்டும்.

அதை ஏன் எழுதவில்லை? கப்பல் என்றால் மிதக்கும், இதையெல்லாம் எழுதுவார்களா? இன்றைக்கும் ஸ்டோரியில் விட்டுப்போகிற வரிகளைத் தேடிப் பாருங்கள். பாதிக்குமேல் ‘அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே’ ரகம். எல்லாருக்கும் தெரிந்த விஷயத்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: அதைச் சோதித்துப் பார்ப்பது யாருடைய வேலையும் அல்ல.

ஆனால் எழுத வேண்டியதை ராஜா தாராளமாக எழுதினார். 64 பீரங்கிகள், இரண்டு தளமாக. கப்பல் முழுக்க நூற்றுக்கணக்கான மரச்சிற்பங்கள், முகப்பில் பாய்கிற சிங்கம், கூடவே வரிசையாக ரோமானியச் சக்கரவர்த்திகள். பெயர் வாசா, அதுவும் ராஜாவின் சொந்த வம்சப் பெயர். மேல்பாரம் ஏறிக்கொண்டே போயிற்று. அதைத் தாங்கவேண்டிய அடிப்பாகத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை, ஏனென்றால் தண்ணீருக்குள் இருப்பது டெமோவில் தெரியாது.

ராஜா பெரும்பாலும் போர்க்களத்தில். அங்கிருந்தே கடிதம் மேல் கடிதமாக அனுப்பி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். இதற்கிடையே கப்பலைக் கட்டிக்கொண்டிருந்த டச்சுக்காரர் ஹென்ரிக் ஹிபெர்ட்சன் நோயில் விழுந்து 1627-ல் இறந்துபோனார். அந்தக் காலத்தில் விரிவான வரைபடமெல்லாம் கிடையாது, முழு டிசைனும் கட்டுபவரின் மண்டைக்குள்தான். லீட் டெவலப்பர் போனார், டாக்குமென்டேஷனும் கூடவே போயிற்று.

இன்னொரு கூத்து. கப்பலுக்குள் பிற்காலத்தில் கிடைத்த அளவுகோல்களை எடுத்துப் பார்த்தால், சில ஸ்வீடன் அடிக்கணக்கு, சில ஆம்ஸ்டர்டாம் அடிக்கணக்கு. முன்னதில் ஓர் அடிக்கு 12 அங்குலம், பின்னதில் 11. அவரவர் அளவுக்கு அவரவர் வேலை சுத்தம். ஒவ்வொரு யூனிட் டெஸ்டும் பாஸ், மொத்தக் கப்பல்தான் கோணல்.

கடைசியில் ஒரு புண்ணியவானுக்கு டெஸ்ட் செய்யும் எண்ணம் வந்தது. முப்பது மாலுமிகளைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சேர்ந்து ஓடவிட்டுக் கப்பல் எவ்வளவு சாய்கிறது என்று பார்த்தார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் கவிழ்கிற மாதிரி ஆடியது. பார்த்துக்கொண்டிருந்த துணை அட்மிரல் க்ளாஸ் ஃப்ளெமிங் உடனே ஓர் உத்தரவு போட்டார். ‘கப்பலைச் சரிசெய்யுங்கள்’ என்று அல்ல. ‘ஓடுவதை நிறுத்துங்கள்’ என்று!

அவரையும் குறை சொல்ல முடியாது. ராஜா ஊரில் இல்லை, தேதி ராஜா சொன்ன தேதி, அளவுகளுக்கு ஒப்புதல் கொடுத்ததும் ராஜா. ‘மகாராஜா, உங்கள் ஸ்டோரி தப்பு’ என்று கடிதம் எழுதும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? சிவப்பில் வந்த டெஸ்ட் ரிப்போர்ட்டை மேலே அனுப்பும்போது நாம் ‘சின்னச் சின்ன அப்ஸர்வேஷன்ஸ்’ என்று தலைப்பு வைக்கிறோமே, அந்த வழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி ஸ்டாக்ஹோமில் போட்டது.

1628 ஆகஸ்ட் 10. கரையில் ஊரே திரண்டு வேடிக்கை பார்க்க, வாசா கிளம்பியது. லேசான ஒரு காற்று. கப்பல் சாய்ந்தது, திறந்திருந்த பீரங்கி ஜன்னல்கள் வழியே தண்ணீர் புகுந்தது, சுமார் 1,300 மீட்டர் தூரத்தில் மூழ்கியது. முப்பது பேர் வரை இறந்துபோனார்கள். போலந்துக்காரன் பார்த்து நடுங்குவதற்கு அந்தக் கப்பல் துறைமுகத்தைக்கூடத் தாண்டவில்லை.

அப்புறம் விசாரணை, அதாவது ரெட்ராஸ்பெக்டிவ் மீட்டிங். கேப்டனைக் கேட்டார்கள், பீரங்கியெல்லாம் ஒழுங்காகக் கட்டித்தான் இருந்தது என்றார். கட்டியவர்களைக் கேட்டார்கள், ராஜா ஒப்புக்கொண்ட அளவில்தான் கட்டினோம் என்றார்கள். அங்கே வந்ததும் விசாரணை பவ்யமாக நின்றுவிட்டது, யாருக்கும் தண்டனையில்லை. டிக்கெட்டை ‘கேட்டபடியே வேலை செய்கிறது’ என்று எழுதி மூடிவிட்டார்கள்.

கப்பலை 1961-ல் வெளியே தூக்கினார்கள். இன்று ஸ்டாக்ஹோமில் அதற்கென்றே தனி மியூசியம், கூட்டம் அலைமோதுகிறது. ரிலீசாகி 333 வருஷம் கழித்துத்தான் ஹிட்!

*

இரண்டாவது கேஸ் பிரிட்டிஷ் பார்லிமென்ட். நடுக்கடலில் கப்பல் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறது, அதாவது தீர்க்கரேகை என்ன என்று கண்டுபிடிக்க உருப்படியான வழி இல்லாத காலம். 1707-ல் அட்மிரல் ஷவலின் கப்பல்கள் இங்கிலாந்துக்குத் தென்மேற்கே சில்லித் தீவுப் பாறைகளில் மோதி, ஆயிரக்கணக்கில் மாலுமிகள் இறந்தார்கள். வீட்டு வாசலில் வந்து விழுந்தால்தான் அரசாங்கம் ஸ்டோரி எழுதும். அதற்கும் ஏழு வருஷம் பிடித்தது.

சும்மா சொல்லக்கூடாது, 1714-ல் போட்ட சட்டம் பாதிவரை அற்புதம். தீர்க்கரேகையை அரை டிகிரிக்குள் சொன்னால் 20,000 பவுண்டு, மூன்றில் இரண்டு பங்கு டிகிரிக்குள் என்றால் 15,000, ஒரு டிகிரிக்குள் என்றால் 10,000. பிரிட்டனிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்ச் சோதித்துக் காட்ட வேண்டும். அளவும் டெஸ்டும் பரிசும் எழுத்தில் இருந்தன. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. அந்த முறை ‘கடலில் நடைமுறைக்கு ஒத்துவந்து பயனுள்ளதாக’ இருக்க வேண்டும் என்ற கருத்தையும் சேர்த்தார்கள். எவ்வளவு பயன்? யார் சொல்ல வேண்டும்? ஒரு கமிட்டி சொல்லும். ஜாக்கெட் துணியைத் தையல்காரரிடம் கொடுத்து, அளவும் கொடுத்துவிட்டு, ‘போட்டால் நல்லாயிருக்கணும்’ என்று சேர்த்துச் சொல்வதுபோல. அளவில் சண்டை வராது, அந்தக் கடைசி இரண்டு வார்த்தையில்தான் வரும்.

கமிட்டி எவ்வளவு சுறுசுறுப்பு தெரியுமா? அவர்கள் முதன்முதலாகக் கூடியதாகப் பதிவாகியிருப்பது 1737-ல். சட்டம் போட்டு 23 வருஷம் கழித்து! தினமும் காலையில் ஸ்டாண்ட்-அப் மீட்டிங் வைத்து உயிரை வாங்குகிறார்கள் என்று புலம்புபவர்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

கூடவைத்தவர் ஜான் ஹாரிசன். படித்த பிரபு இல்லை, தச்சர். கடிகாரம் செய்வதைத் தானே கற்றுக்கொண்டவர். அவர் கணக்கு எளிது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுற்றுகிறது, ஆக அரை டிகிரி என்பது இரண்டு நிமிஷம். ஆறு வாரக் கடல் பயணம் முழுக்க இரண்டு நிமிஷத்துக்கு மேல் பிசகாத, நாளைக்கு மூன்று செகண்டுக்கு மேல் தப்பாத கடிகாரம் இருந்தால் போதும். அப்படிப்பட்ட கடிகாரம் இன்னும் செய்யப்படவில்லை என்று நியூட்டனே சொல்லியிருந்தார். நியூட்டன் சொன்னால் உலகம் அடங்கும், தச்சர் அடங்கவில்லை.

ஹாரிசனின் முதல் கடிகாரம் 34 கிலோ. லிஸ்பன் வரை போய்வந்து அசத்தியது. 1737 கூட்டத்தில் கமிட்டி வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருக்க, கடிகாரத்தில் குறை சொன்ன ஒரே ஆள் ஹாரிசன்தான்! இதைவிட நல்லதாக ஒன்று செய்கிறேன், 500 பவுண்டு கொடுங்கள் என்றார். ஓடுகிற புரோகிராமை ‘ரீஃபாக்டர் பண்ணணும்’ என்று பிரித்துப்போடும் டெவலப்பரை நீங்கள் பார்த்ததில்லையா? அவருக்கு ஹாரிசன் கொள்ளுத்தாத்தா.

இரண்டாவது கடிகாரமும் அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவதை மட்டும் 19 வருஷம் நோண்டினார். கடைசியில் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, பெரிய பாக்கெட் வாட்ச் மாதிரி நான்காவதைச் செய்தார். 1761-ல் மகன் வில்லியம் அதைக் கப்பலில் எடுத்துக்கொண்டு ஜமைக்கா போனார். 81 நாள் கழித்துப் பார்த்தால் பிசகு சுமார் 5 செகண்ட். அனுமதி இரண்டு நிமிஷம்! கமிட்டி தீர்ப்பு: குருட்டு அதிர்ஷ்டம்.

கூடவே இன்னொரு காரணமும் சொன்னார்கள். ஜமைக்காவின் தீர்க்கரேகையே நமக்குச் சரியாகத் தெரியாதே, அப்புறம் கடிகாரம் சரி என்று எப்படி ஒப்புக்கொள்வது? சோதனையில் சரக்கு தேறிவிட்டால், சோதனைக்கூடம் சரியில்லை என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

இரண்டாவது டெஸ்ட், 1764-ல் பார்படோஸ். அங்கே விண்மீன் பார்த்துச் சரிபார்க்கக் கமிட்டி அனுப்பிய ஆள் நெவில் மாஸ்கலின். இவருக்குப் பிடித்தது நிலாவின் நகர்வைப் பார்த்துத் தீர்க்கரேகை கணிக்கும் முறை, அதாவது கடிகாரத்தின் நேர்ப் போட்டி. உங்கள் ஆப்பை டெஸ்ட் பண்ண எதிர்க் கம்பெனிக்காரர் வந்து நின்றால் எப்படி? அப்படியிருந்தும் சட்டம் கேட்டதைவிட மூன்று மடங்கு துல்லியமாகக் கடிகாரம் தேறியது. பாவம், அது அரசியல் தெரியாத யந்திரம்.

இப்போதாவது பணம் கொடுத்தார்களா? 1765-ல் புதிய சட்டம் போட்டார்கள். கடிகாரத்தைப் பிரித்து ரகசியத்தையெல்லாம் விளக்கு, பாதிப் பணம் தருகிறோம். மற்றவர்களும் இதை நகல் செய்ய முடியும் என்று நிரூபி, மீதியைப் பார்க்கலாம். கமிட்டி பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. ஒரே ஒரு மேதையால் மட்டும் செய்ய முடிகிற கடிகாரம் ஒரு கடற்படைக்கு எப்படிப் போதும்? நியாயமான தேவைதான். ஐம்பது வருஷம் முன்னால் எழுதியிருக்கவேண்டிய தேவை.

கடைசியில் ஹாரிசனின் ஐந்தாவது கடிகாரத்தை ராஜா மூன்றாம் ஜார்ஜே தன் வானாய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்துவிட்டு, கிழவனார் பக்கம் சேர்ந்துகொண்டார். 1773-ல் பார்லிமென்ட் 8,750 பவுண்டு கொடுத்தது. ஹாரிசனுக்கு அப்போது 80 வயது. அக்செப்டன்ஸ் கிரைட்டீரியாவை டெமோவுக்கு முன்னால் எழுதினால் அது ஒப்பந்தம், டெமோவுக்குப் பின்னால் எழுதினால் அது சால்ஜாப்பு என்பதை ஒரு மனிதர் தன் ஆயுளையே செலவழித்து நிரூபித்தார்.

*

மூன்றாவது கேஸுக்கு வருவோம். 1907 டிசம்பர், அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் கோர். ‘ஸ்பெசிஃபிகேஷன் எண் 486’ என்று ஓர் அறிவிப்பு. என்ன வேண்டுமாம்? பறக்கும் யந்திரம் ஒன்று. ராணுவத்துக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பத்திரிகைகள் கேலி செய்தன. ஆனால் அந்தக் கிறுக்கர்கள் எழுதிக்கொடுத்ததைப்போல ஒன்றை எழுத இன்றைக்கு மூன்று நாள் ட்ரெயினிங் போட்டுச் சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

பாருங்கள். இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டும், இருவரும் சேர்ந்து 350 பவுண்டு எடை. 125 மைலுக்கான எரிபொருள் கொள்ள வேண்டும். ஒரு மணி நேரம் இறங்காமல் பறக்க வேண்டும். வேகம் மணிக்கு 40 மைல். அதற்கு மேலே போகும் ஒவ்வொரு மைலுக்கும் விலையில் பத்து சதவீதம் கூடுதல், கீழே இறங்கினால் பத்து சதவீதம் வெட்டு, 36-க்கும் கீழே என்றால் நடையைக் கட்டு. வேகத்தை எப்படி அளப்பது? காற்றோடு ஒரு தடவை, காற்றை எதிர்த்து ஒரு தடவை பறக்கவிட்டுச் சராசரி எடுப்பார்கள். ‘அன்றைக்குக் காற்று சரியில்லை சார்’ என்று சொல்ல வழியே வைக்கவில்லை!

இன்னும் இருக்கிறது. பிரித்து ராணுவ வண்டியில் ஏற்றுகிற மாதிரி இருக்க வேண்டும், இறக்கிய இடத்தில் சுமார் ஒரு மணி நேரத்தில் பூட்டிக் கிளப்ப முடிய வேண்டும். இதை எழுதியவர் நாளைக்கு அந்தச் சனியனை யார் சுமந்துகொண்டு போவது என்று யோசித்திருக்கிறார். யூசர் என்றால் ராணுவம் என்கிற பிரம்மாண்டமான அமைப்பு மட்டும் இல்லை, வண்டியில் ஏற்றி இறக்குகிற சிப்பாயும்தான்.

இதையெல்லாம்விடப் பெரிய அதிசயம், அதில் இல்லாதது. இறக்கை எத்தனை? இன்ஜின் என்ன ரகம்? ஒரு வார்த்தை கிடையாது. என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார்கள், எப்படிச் செய்வது என்பதைச் செய்கிறவர்களிடம் விட்டுவிட்டார்கள். பறப்பதைப் பற்றித் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பதவியில் இருப்பவர்களுக்கு லேசில் வராத ஞானம்.

ரைட் சகோதரர்கள் 25,000 டாலர் விலை சொல்லி எடுத்துக்கொண்டார்கள். 1908 செப்டம்பரில் சோதனையின்போது விமானம் விழுந்து, கூடப் பறந்த லெஃப்டினென்ட் செல்ஃப்ரிட்ஜ் இறந்துபோனார், ஆர்வில் ரைட் படுகாயமடைந்தார். ராணுவம் அவகாசம் கொடுத்தது, கோட்டை நகர்த்தவில்லை. 1909 ஜூலையில் திரும்பி வந்தார்கள். ஒரு மணி நேரப் பறப்பு தேறியது. வேகம் 42 மைலைத் தாண்டியது. கூடுதல் இரண்டு மைலுக்கு 5,000 டாலர் போனஸ், ஆக மொத்தம் 30,000. முணுமுணுக்காமல் கொடுத்தார்கள். மீட்டிங் போட்டு ‘பயனுள்ளதா’ என்று யாரும் கேட்கவில்லை.

அப்படியொரு கச்சிதமான காகிதத்திலும் மனிதப் பிறவி ஒரு ஓட்டை வைத்திருந்தது. புத்திசாலியான ஆள் ‘நியாயமான காலத்துக்குள்’ ஓட்டக் கற்றுக்கொள்ளும்படி யந்திரம் எளிதாக இருக்க வேண்டுமாம். எது நியாயமான காலம்? எவ்வளவு புத்திசாலி? ஒரு மாமுனிவர் எழுதினாலும் ‘யூசர் ஃப்ரெண்ட்லி’ எங்காவது ஒரு வரியில் நுழைந்துவிடும்போல.

*

இவ்வளவு நல்ல முன்மாதிரி இருந்தும் சாஃப்ட்வேர்காரர்கள் என்ன செய்தார்கள்? 1970-ல் வின்ஸ்டன் ராய்ஸ் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். தேவை, டிசைன், கோடிங், டெஸ்டிங் என்று படிப்படியாக இறங்கும் கட்டங்களாக ஒரு படம் போட்டு, இப்படியே செய்தால் ஆபத்து என்று கீழே எழுதினார். உலகம் படத்தைப் பார்த்தது, கீழே எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. எந்த வழியில் போகாதே என்றாரோ, அந்த வழிக்கு அவரையே தந்தையாக்கிவிட்டார்கள்.

அந்த வழியின் உச்சம் பார்க்க வேண்டுமா? எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு சிஸ்டம் கேட்டது. தேவைகளை எழுதிய ஆவணம் 800 பக்கத்துக்கு மேல். எந்தப் பக்கத்தில் எந்தப் பட்டன் என்கிற அளவுக்கு ‘எப்படி’ எல்லாம் அதில் இருந்தது. 2005-ல் 170 மில்லியன் டாலரோடு கைகழுவினார்கள். பறக்கும் யந்திரத்துக்கு ஒன்றிரண்டு பக்கம் போதுமாக இருந்த நாட்டில்தான் இதுவும் நடந்தது.

அந்த மாதிரி ஆவணங்களைப் பார்த்து வெறுத்துப்போனவர்களில் ஒருவர் கென்ட் பெக். 1996-ல் க்ரைஸ்லர் கார் கம்பெனியின் சம்பளப் பட்டியல் புராஜெக்டில் அவரை இறக்கினார்கள். ‘சி3’ என்று பெயர். வருஷக்கணக்காக வேலை நடந்தும் ஒரு சம்பளச் செக்கூட அச்சாகவில்லை. பெக் தடிமனான ஆவணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, உள்ளங்கை அளவு அட்டையைக் கொடுத்து ‘உங்கள் தேவையைக் கதையாக எழுதுங்கள்’ என்றார். அட்டை ஏன் அவ்வளவு சின்னது? முழுதாக எழுத இடம் இருக்கக் கூடாது. இடம் போதாவிட்டால் எழுந்துபோய்ப் பேசித்தானே ஆக வேண்டும்! உலகத்திலேயே எழுதவிடாமல் தடுப்பதற்காக ஏற்பட்ட ஒரே எழுத்து வடிவம் இதுவாகத்தான் இருக்கும்.

அங்கே வந்து பார்த்த அலிஸ்டர் காக்பர்ன், யூசர் ஸ்டோரி என்பது பின்னால் பேசுகிறோம் என்று கொடுக்கும் வாக்குறுதி என்றார். சி3-இல் இருந்த ரான் ஜெஃப்ரீஸ் 2001-ல் அதை மூன்றாகப் பிரித்தார்: அட்டை, உரையாடல், உறுதிப்படுத்தல். மூன்றாவதுதான் நம் அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா. உலகம் வழக்கம்போல மூன்றில் எது சுலபமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டது.

சுலபமானது அட்டை. அதையும் விட்டுவைத்தோமா? கம்ப்யூட்டரில் ஏற்றி, எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுத இடம் பண்ணினோம். பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் டிக்கெட்டில் பதினேழு கமென்ட் போடுகிறோம். 800 பக்கம் எங்கேயும் போய்விடவில்லை. 400 டிக்கெட்டாக வெட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் ‘ஒரு யூசராக’ என்று எழுதிவிட்டோம், அவ்வளவுதான்.

அந்த ‘ஒரு யூசராக’ இருக்கிறதே, அது ஒரு தனி நகைச்சுவை. ‘ஒரு யூசராக, நான் லாகின் செய்ய விரும்புகிறேன்.’ பாஸ்வேர்ட் டைப் பண்ண வேண்டும் என்று ஏங்கித் தவிக்கும் ஜீவனை யாராவது பார்த்திருக்கிறீர்களா? அதற்கு அடுத்த டிக்கெட், ‘ஒரு டேட்டாபேஸாக, எனக்கு இன்டெக்ஸ் வேண்டும்.’ ஸ்வீடன் ராஜாவாவது தான் யார் என்று மறைக்கவில்லை.

அக்செப்டன்ஸ் கிரைட்டீரியாவுக்கும் வைத்தியம் சொன்னார்கள். டான் நார்த்தும் கிறிஸ் மாட்ஸும் 2000-களின் முதல் பாதியில் ஒரு வடிவம் கொடுத்தார்கள்: இந்த நிலையில் இருக்கும்போது, இதைச் செய்தால், இது நடக்க வேண்டும். ஒரு சினிமா டிக்கெட் ஆப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி ஒரே ஒரு சீட் மிச்சம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பணம் கட்டுகிறார்கள். ஒருவருக்குப் பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை. அப்புறம் என்ன நடக்க வேண்டும்? பணம் தானாகத் திரும்புமா, எத்தனை நிமிஷத்தில், அவர் திரையில் என்ன தெரியும்? ‘டிக்கெட் புக்கிங் சுமுகமாக நடக்க வேண்டும்’ என்று எழுதினால் இந்தக் கேள்வி ஒன்றுகூட வராது. ரிலீசான வெள்ளிக்கிழமை சாயங்காலம் மொத்தமாக வரும்.

எழுதிய வரியை ஒரு டெஸ்டர் கையில் கொடுங்கள். உங்களைக் கூப்பிடாமல் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று சொல்ல முடிந்தால் அது கிரைட்டீரியா. ‘வேகமாக’, ‘எளிமையாக’, ‘அழகாக’ என்று இருந்தால் அது ஆசை. ஆசைப்படுவதில் தப்பில்லை, ஆனால் அதை அளக்க ஒரு கமிட்டியும் ஹாரிசன் மாதிரி நீண்ட ஆயுளும் வேண்டும்.

சரி, யூசர் ஸ்டோரி பிறந்த சி3 என்ன ஆயிற்று என்று கேட்கவில்லையே? 1997-ல் சொன்ன தேதிக்கு இரண்டொரு மாதம் தள்ளி ஓட ஆரம்பித்தது. சுமார் 87,000 ஊழியர்களில் 10,000 பேருக்குச் சம்பளம் போட்டது. மீதிப் பேர் வரிசையில் காத்திருக்க, 1998-ல் க்ரைஸ்லர் டைம்லரோடு சேர்ந்தது. 1999-ல் கென்ட் பெக்கின் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் புத்தகம் வந்து உலகமே கொண்டாடியது. 2000 பிப்ரவரியில் சி3-யை ரத்து செய்தார்கள்.

காரணத்தை அந்த டீம்காரர்களே பிற்பாடு அலசினார்கள். அட்டையில் கதை எழுதித் தேவைகளைச் சொன்னவர் ஒருவர். காசு கொடுத்தவர் வேறொருவர். டீம் முதலாமவர் சொன்னதையெல்லாம் சிரத்தையாகச் செய்துகொண்டிருந்தது, இரண்டாமவருக்கு வேண்டியதோ வேறு. மூன்று வரி டெம்ப்ளேட்டில் ‘நான் யார்’ இருக்கிறது, ‘பில் யார் கட்டுவது’ என்பதற்கு இடமே இல்லை.

ஆகவே நாளைக்கு ஸ்டோரி எழுத உட்காரும்போது டெம்ப்ளேட்டைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். கேட்டவரை உட்காரவைத்து இரண்டு கேள்வி கேளுங்கள். எதைப் பார்த்தால் முடிந்தது என்று தலையாட்டுவீர்கள்? தலையாட்ட வேண்டியவர் நீங்கள்தானா? முதல் கேள்விக்குக் கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்வார். இரண்டாவதுக்கு முகம் மாறும், போய் விசாரித்துவிட்டு வருகிறேன் என்பார். வரட்டும். அவர் வரும்வரை ஒரு வரி கோட் எழுத வேண்டாம். மேனேஜர் கேட்டால், அக்செப்டன்ஸ் கிரைட்டீரியாவுக்காகக் காத்திருக்கிறேன் என்று தைரியமாகச் சொல்லுங்கள். நானூறு வருஷ வரலாறு உங்கள் பக்கம் நிற்கிறது. அப்ரைசல் எந்தப் பக்கம் நிற்கும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.